86 என்றால் தீர்ந்துபோச்சு, வெளியேற்று, கொன்றுவிடு: எந்தப் பொருள் எங்கே?

அடுப்பங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சிகாகோவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஆங்கிலம் நன்றாகத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

எட்டரை மணி. ஆர்டர் சீட்டுகள் வரிசையாக வந்து தொங்குகின்றன. செஃப் திடீரென்று “எய்ட்டி சிக்ஸ் சால்மன்!” என்று கத்தினார். எல்லோரும் “ஹெர்ட்!” என்றார்கள். நானும் சொன்னேன். 86ஆம் எண் சீட்டுக்கு சால்மன் அவசரமாக வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. என் பக்கத்துப் பெட்டியில் மீன் காலி. குளிர் அறைக்குள் போய்த் தேடினேன். மேல் தட்டில் ஒரு தட்டு நிறைய சால்மன் துண்டுகள், மேலே நீல நாடா ஒட்டி அடுத்த நாள் தேதி எழுதியிருந்தது. அவசரத்தில் நாடாவைப் பார்க்கவில்லை. இரண்டு துண்டை எடுத்து வந்து சட்டியில் போட்டுவிட்டேன். தோல் பக்கம் சிவந்து வரும்போது செஃப் பார்த்தார். மறுநாள் ஒரு விருந்துக்கு எண்ணி வைத்த மீன் அது. “தீர்ந்துபோச்சு என்று சொன்னேனே, நீயும் கேட்டேன் என்றாயே” என்றார். அவர் சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கே கடை மூடும் நேரத்தில் பாரில் வேலை செய்யும் பெண் ஒரு வாடிக்கையாளரைப் பற்றி “ஹி இஸ் எய்ட்டி சிக்ஸ்ட்” என்றாள். மீன் தீரலாம், மனிதர் எப்படித் தீர்வார்? வீட்டுக்கு வந்து தேடினால் ‘கொல்வது’ என்றும் ஒரு பொருள் போட்டிருக்கிறது.

என் கேள்விகள் மூன்று. இந்தச் சொல்லின் சரியான பொருள் என்ன? ஏன் 86, ஏன் 85 இல்லை? சமையலறைக்கு வெளியே நான் இதைச் சொல்லலாமா?

கல்லாப்பக்கம்

தம்பி, முதலில் ஒன்று. ‘ஹெர்ட்’ என்பது “காதில் விழுந்தது, புரிந்தது, அதன்படி செய்கிறேன்” என்ற உறுதி. புரியாமல் அதைச் சொல்லக் கூடாது. “செஃப், இன்னொரு தடவை” என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பதினோரு வருடம் சமையலறையிலும் பாரிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சமையலறைப் பொருள் எளிது. ஒரு பண்டம் தீர்ந்துவிட்டது, இனி ஆர்டர் எடுக்காதே. அவ்வளவுதான். ஆனால் அது ஏன் அவ்வளவு சத்தமாக, அவ்வளவு சுருக்கமாக வருகிறது என்று பார். பரிமாறுபவர் மேசையில் நின்று சால்மனைப் பற்றி நாலு வாக்கியம் நல்லதாகச் சொல்லி, வாடிக்கையாளரும் சரி என்று சொல்லிவிட்டார் என்று வை. அப்புறம் திரும்பிப் போய் “மன்னிக்கவும், இல்லை” என்று சொல்வது மாதிரி தர்மசங்கடம் வேறு இல்லை. அதனால் மீன் தீர்ந்த நொடிக்கும் பரிமாறுபவர் காதுக்கும் நடுவே நேரமே இருக்கக் கூடாது. பல இடங்களில் தீர்வதற்கு முன்பே “சால்மன் ரெண்டு!” என்று எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள். பூஜ்யம் ஆனதும் 86. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும், அதில் 86 என்று தலைப்பிட்டு அன்றைக்கு இல்லாதவற்றை எழுதுவார்கள். ஆர்டர் போடும் திரையிலும் அந்தப் பொத்தானை அடைத்துவிடுவார்கள்.

சில சமையலறைகளில் தீர்ந்தது மறுபடி வந்துவிட்டால் எண்ணைத் திருப்பிப் போட்டு “68 சால்மன்” என்பார்கள். இது எல்லா இடத்திலும் கிடையாது. உன் இடத்தில் உண்டா என்று கேட்டுக்கொள்.

இன்னொன்றும் உன்னைக் குழப்பும்: “ஃபோர் சால்மன் ஆல் டே”. நாள் முழுக்க நாலு என்று அர்த்தம் இல்லை. இப்போது தொங்கும் சீட்டுகளில் எல்லாம் சேர்த்து மொத்தம் நாலு.

கல்லாப்பக்கம்

பார் விஷயத்தை விட்டுவிட்டேன். அங்கே 86 மனிதரைக் குறிக்கும். “இவருக்கு இனி ஊற்றாதே” என்பது முதல் படி. “வெளியே அனுப்பு” அடுத்தது. “இனி இந்தப் பக்கமே வரக் கூடாது” என்பது கடைசி. மூன்றுக்கும் ஒரே சொல். அதனால்தான் பாரில் இருப்பவர்கள் “இன்றைக்கு மட்டும்” என்றோ “ஃபார் லைஃப்” என்றோ சேர்த்துச் சொல்வார்கள். லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளில் ஒருவரை 86 செய்தார்கள் என்றால், திரும்ப உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு வரும் என்று எச்சரித்து அனுப்பிவிட்டார்கள் என்று பொருள்.

இதில் முரட்டுத்தனம் இருக்கிற மாதிரி தோன்றும், ஆனால் பாதி நேரம் இது பாதுகாப்பு. கண்ணுக்குத் தெரிகிற அளவு போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றுவது அமெரிக்காவில் அநேக மாநிலங்களில் சட்டப்படி குற்றம். நீ இருக்கும் இலினாய் மாநிலத்தில் ‘டிராம் ஷாப்’ சட்டம் என்று ஒன்று உண்டு. குடித்துவிட்டுப் போனவர் வழியில் யாரையாவது காயப்படுத்தினால், பாதிக்கப்பட்டவர் அவருக்கு மது விற்ற கடை மேலேயே வழக்குப் போடலாம். அந்தப் பெண் “எய்ட்டி சிக்ஸ்ட்” என்று சக ஊழியர்களிடம் சொன்னது, விஷயம் தெரியாமல் வேறு யாரும் அவருக்கு இன்னொரு கோப்பை நீட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

வேர்ச்சொல்

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். பல வருடமாக இந்த எண்ணைத் துரத்திக்கொண்டிருக்கிறேன்.

எழுத்தில் கிடைக்கும் நல்ல பழைய சான்று 1933ஆம் ஆண்டுடையது. வால்டர் வின்செல் என்ற பத்திரிகைப் பத்தியாளர், ஹாலிவுட்டில் சோடா கடை ஊழியர் ஒருவர் அனுப்பிய சொற்பட்டியலைத் தன் பத்தியில் போட்டார். அதில் 86 என்றால் அந்தச் சரக்கு முழுக்கத் தீர்ந்தது. 81 என்றால் ஒரு தம்ளர் தண்ணீர். 13 என்றால் பெரிய முதலாளிகளில் ஒருவர் கடைப் பக்கம் உலவுகிறார். 1936இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் சோடா கடைக்காரர்களின் மொழியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதிலும் 86க்கு அதே பொருள்தான்.

சோடா கடை என்றதும் சின்னப் பெட்டிக்கடையாக நினைத்துவிடாதீர்கள். நீளமான பளிங்கு மேடை, வாடிக்கையாளர்கள் உயர்ந்த முக்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மேடைக்கு அந்தப் பக்கம் ஊழியர்கள் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுப்பார்கள். 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. ஊர் கூடிப் பேசும் இடமாக இந்தக் கடைகள் பெருகிய காலம் அது. அங்கே நடுவில் சுவர் கிடையாது. ஊழியர் பேசும் ஒவ்வொரு சொல்லும் வாடிக்கையாளர் காதில் விழும். “முதலாளி வருகிறார், ஒழுங்காக நில்” என்பதையோ “அந்தச் சரக்கு இல்லை” என்பதையோ அவர் முன்னாலேயே சொல்ல வேண்டும், அவருக்குப் புரியவும் கூடாது. எண்கள் அதற்குத்தான் வந்தன.

நம் இலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டே! குழூஉக்குறி. ஒரு குழுவார் தங்களுக்குள் ஒரு பொருளின் பெயரை மறைத்து வேறு சொல்லால் சொல்வது. நன்னூல் இதைத் தகுதி வழக்கில் வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகள். கள்ளைச் சொல்விளம்பி என்று அழைத்தவனின் நாவைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு. குடித்தவன் வாயிலிருந்து சொல்லெல்லாம் வெளியே வந்துவிடும் இல்லையா? 86 பிறக்கும்போது அசல் குழூஉக்குறி. அப்புறம் குழுவை விட்டு வெளியே வந்து ஊர்ச்சொல் ஆகிவிட்டது.

மாடவிளக்கு

நீங்கள் முக்கியமான கதையையே சொல்லவில்லையே. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் பெட்ஃபோர்ட் தெரு 86ஆம் எண்ணில் ‘சம்லிஸ்’ என்ற மதுக்கூடம். மதுவிலக்குக் காலத்தில் 1922இல் ரகசியமாகத் தொடங்கியது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. பின்னால் பமேலா கோர்ட் என்ற சின்ன முற்றம் வழியாக இன்னொரு வாசல். போலீஸ் சோதனைக்கு வரும்முன் கடைக்கு ஒரு போன் வருமாம்: “86 செய்யுங்கள்.” போலீஸ் முற்றத்து வாசல் வழியாக வரும், வாடிக்கையாளர்கள் 86ஆம் எண் வாசல் வழியாகத் தெருவில் கரைந்துவிட வேண்டும். வெளியேற்று என்ற பொருள் அச்சாகப் பொருந்துகிறது. நான் அந்தத் தெருவில் நின்று அந்தக் கதவைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை நம்பாமல் இருக்க முடியவில்லை.

வேர்ச்சொல்

மாடவிளக்கு, அந்தக் கதவு எனக்கும் பிடிக்கும். கதை மட்டும் நிற்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

சம்லிஸ் கதை உண்மை என்றால் ‘வெளியே போ’ என்ற பொருள்தான் முதலில் வந்திருக்க வேண்டும். கிடைக்கும் சான்றுகள் நேர்மாறாக இருக்கின்றன. முதலில் வருவது ‘தீர்ந்தது’. ஆளுக்கு ஊற்றாதே என்ற பொருள் எழுத்தில் வருவது 1940களில். ஜீன் ஃபௌலர் எழுதிய நடிகர் ஜான் பாரிமோரின் வாழ்க்கை வரலாற்றில், ஒரு பாரில் பாரிமோருக்கு 86 என்று பெயர் இருந்ததாக வருகிறது. அதாவது, ஊற்றக் கூடாத ஆள். அதையும் அவர் நாட்டின் மேற்குப் பகுதி பார்க்காரர்களின் வழக்கு என்றே சொல்கிறார். 1933 பட்டியலும் ஹாலிவுட்டிலிருந்து போனது. மேற்குக் கரையில் தண்ணீருக்கு 81, முதலாளிக்கு 13 என்று முழு எண்வரிசையே புழங்குகிறது. அதில் ஒற்றை எண்ணுக்கு மட்டும் மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கதவு காரணமாக இருக்குமா? 81க்கும் ஒரு கதவைத் தேட வேண்டி வருமே.

மற்ற கதைகளையும் இதே மாதிரி தேதியை வைத்து உரசிப் பார்க்கலாம். ராணுவச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் பணியை விட்டுப் போவது பற்றியது, அதனால்தான் இந்தச் சொல் என்பார்கள். அந்தச் சட்டத் தொகுப்பு 1950இல் நிறைவேறி 1951இல் நடைமுறைக்கு வந்தது. சொல் அதற்குப் பதினேழு வருடம் முன்பே பத்திரிகையில் இருக்கிறது. கதை அங்கேயே முடிந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் 86ஆம் மாடிப் பார்வைத்தளம் என்பார்கள். கட்டிடம் திறந்தது 1931, தேதி இடிக்கவில்லை. ஆனால் மாடியையும் தீர்ந்துபோன ஐஸ்கிரீமையும் இணைக்கும் ஒரு வரிச் சான்றுகூடக் கிடையாது. கல்லறை எட்டடி நீளம், ஆறடி ஆழம் என்ற கதையும் உண்டு. இது கொலைப் பொருள் வந்தபிறகு அதற்குத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது.

முகவரிக் கதைகளை நான் நம்பாததற்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ‘23 ஸ்கிடூ’ என்று ஒரு பழைய அமெரிக்க வழக்கு, கிளம்பு, நடையைக் கட்டு என்று பொருள். நியூயார்க்கில் 23ஆம் தெருவில் இருக்கும் ஃபிளாட்அயர்ன் கட்டிடத்தருகே காற்று பலமாக வீசும், பெண்களின் பாவாடை பறப்பதைப் பார்க்க நின்ற ஆண்களைப் போலீஸ்காரர் விரட்டிய சொல் இது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கட்டிடம் முடிந்தது 1902. 23 என்ற வழக்கு 1899லேயே எழுத்தில் இருக்கிறது. சொல் ஒன்று காரணம் தெரியாமல் நின்றால் ஊரே சேர்ந்து அதற்கு ஒரு முகவரி தேடிக் கொடுத்துவிடுகிறது.

மாடவிளக்கு

1899, 1902 என்று தேதியை வைத்தபிறகு நான் வாதாட ஒன்றும் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்தக் கதையும் இல்லையென்றால் 86 வெறும் வரிசை எண்தானா? அப்படியென்றால் 81ம் 13ம் செத்துப்போய் இது மட்டும் ஏன் பிழைத்தது?

வேர்ச்சொல்

நல்ல கேள்வி. அகராதிக்காரர்கள் அதிகம் சாய்வது ‘நிக்ஸ்’ பக்கம். நிக்ஸ் என்றால் இல்லை, கிடையாது. ஜெர்மன் மொழியின் ‘நிக்ட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. நிக்ஸ், சிக்ஸ் என்று எதுகை சேர்கிறது. ‘இல்லை’ என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல், அதனோடு எதுகை சேரும் எண்ணைச் சொல்வது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் இதையே பொருத்தமான விளக்கமாக வைக்கிறது.

என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. வரிசையில் ஏதோ ஒரு எண்ணாக வந்திருக்கலாம். எதுகைதான் அதைக் காப்பாற்றியது. தண்ணீருக்கும் 81க்கும் ஓசையில் உறவே இல்லை, அதனால் சோடா கடைகள் போனதும் அதுவும் போயிற்று. ‘சிக்ஸ்’ என்ற ஒலி வெட்டிவிட்ட மாதிரி முடிகிறது. கதவைச் சாத்தும் சத்தம் அது. இரைச்சலான இடத்தில் தெளிவாகக் கேட்கும். சொல்லிப் பாருங்கள்.

கல்லாப்பக்கம்

அந்தக் கடைசி வரிக்கு நான் சாட்சி. காற்றிழுக்கும் விசிறி, பாத்திரம் கழுவும் இயந்திரம், அடுப்பு எல்லாவற்றுக்கும் மேலே ‘சிக்ஸ்’ கேட்கும். ‘அவுட் ஆஃப் சால்மன்’ என்றால் பாதி ஆட்களுக்கு ‘சால்மன்’ மட்டும் விழும். விழுந்தவர் சால்மன் வேண்டும் என்று நினைத்துச் சட்டியில் போட்டுவிடுவார். சமையலறையில் எண் முதலில் வர வேண்டும், பண்டம் பின்னால் வர வேண்டும் என்பதற்கும் அதுதான் காரணம்.

நிலா_வாசகி

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. வெளியே சொல்லலாமா என்பதற்கு 2025 மே மாதம் நடந்ததைப் பார்த்தால் போதும். எஃப்பிஐயின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி, கடற்கரை மணலில் சிப்பிகள் 8647 என்று அடுக்கியிருந்த ஒரு படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். 47 என்பது நாட்டின் 47ஆவது அதிபர் டிரம்ப். அரசுத் தரப்பினர் இதைக் கொலை மிரட்டல் என்றார்கள். அரசியல் செய்தி என்று எடுத்துக்கொண்டதாகவும், சிலர் இந்த எண்களை வன்முறையோடு சேர்த்துப் பார்ப்பது தனக்குத் தெரியாது என்றும் கோமி சொல்லிப் படத்தை நீக்கினார். அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கும் சீக்ரெட் சர்வீஸ் அவரை விசாரித்தது.

இந்த மாதிரி எண் சேர்ப்பது ஒரு கட்சிக்கு மட்டும் உரியதும் இல்லை. 2020இல் மிச்சிகன் ஆளுநர் கிரெட்சன் விட்மரின் தொலைக்காட்சிப் பேட்டியில் பின்னால் 8645 என்ற சின்னம் தெரிந்ததற்கு இதே சண்டை வந்தது (45ஆவது அதிபரும் டிரம்ப்தான்). 46ஆவது அதிபராக பைடன் இருந்தபோது 8646 என்று அச்சிட்ட சட்டைகள் விற்றன. ஒவ்வொரு தடவையும் எழுதியவர் “பதவியிலிருந்து இறக்கு” என்கிறார், எதிர்த்தரப்பு “கொல்” என்று கேட்கிறது.

மட்டுறுத்துநர்

எந்தத் தலைவர் சரி, எந்தத் தலைவர் தப்பு என்பதற்கு இந்த இழை வேண்டாம். சொல்லைப் பற்றிய பேச்சு தொடரட்டும்.

வேர்ச்சொல்

சொல்லைப் பற்றியே பேசுகிறேன். கொலைப் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. கொச்சை வழக்கு அகராதிகளில் அது இருக்கிறது. மெரியம்-வெப்ஸ்டரோ, அந்தப் பொருள் புதியது, பயன்பாடும் குறைவு என்பதால் அகராதியில் சேர்க்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் உண்மை. ஒருவர் சமையலறையில் வளர்ந்தவர், இன்னொருவர் குற்றக் கதைகளில் இந்தச் சொல்லைக் கேட்டவர் என்றால், அதே எண் இருவர் காதிலும் வேறு வேறாக விழும்.

வசன_வரி

படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழ் வசன வரி எழுதுகிறேன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். போன மாதம் இந்த 86தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முதல் காட்சி சமையலறை. “தீர்ந்துபோச்சு” என்று போட்டேன், வேலை முடிந்தது. அடுத்தது அலுவலகம், ஒரு திட்டத்தை 86 செய்யச் சொல்கிறார்கள். “மூட்டை கட்டு” என்று எழுதினேன். அப்புறம் ஒரு காதலன். அவளை 86 செய்துவிட்டதாகச் சொல்கிறான். “கல்தா கொடுத்துட்டேன்” கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசிக் காட்சியில் ஒரு ரவுடி அதே சொல்லைச் சொல்கிறான். கொல்லப்போகிறானா, விரட்டப்போகிறானா என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. அந்தச் சந்தேகத்தில்தான் காட்சியே நிற்கிறது. “போட்டுடு” என்று எழுதினால் சந்தேகம் செத்துப்போகும். “துரத்திடு” என்றால் பயம் போய்விடும்.

இரண்டாம் நாள் இரவு, வீட்டில் யாரோ தண்ணீர் பாட்டிலை ஆட்டிப் பார்த்து “காலி” என்றார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காலி! பாட்டில் காலி என்றால் தீர்ந்தது. இடத்தைக் காலி பண்ணு என்றால் வெளியே போ. ஆளைக் காலி பண்ணிட்டாங்க என்றால் கொன்றுவிட்டார்கள். 86 நடந்த பாதை முழுவதையும் நம் சொல் அதே வரிசையில் நடந்திருக்கிறது. ரவுடியின் வசனத்தை “அவனை இங்கேருந்து காலி பண்ணு” என்று எழுதினேன். ‘இங்கேருந்து’ என்ற ஒரு சொல் அதைத் துரத்துவது பக்கமும் இழுக்கிறது, ‘அவனைக் காலி பண்ணு’ கொலைப் பக்கமும் இழுக்கிறது. என் வேலையில் இந்த மாதிரி நாள் அடிக்கடி வராது.

வேர்ச்சொல்

வசன_வரி, உங்களுக்கு மனமார்ந்த நன்றி. இத்தனை வருடம் தேடியும் எனக்கு இது தோன்றவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தீர்ந்தது என்பதிலிருந்து வெளியேற்று, அதிலிருந்து கொல் என்று போவதற்குக் கல்லறையின் அளவோ ரகசிய மதுக்கூடத்தின் கதையோ தேவையே இல்லை. இரண்டு மொழிகள், ஒன்றை ஒன்று பார்க்காமலே, அதே வழியில் போயிருக்கின்றன. பண்டம் இல்லாமல் போவது, ஆள் இடத்தில் இல்லாமல் போவது, ஆளே இல்லாமல் போவது. ‘இல்லாமல் போவது’ என்ற கரு ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. ‘காலி’ அரபு, பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது, அதன் மூலப்பொருளே வெறுமை. சொல்லைக் கேட்டதும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. 86க்கு உள்ளே எதுவும் தெரியாது, பூட்டிய பெட்டி. அதனால் கேட்பவர் தனக்குத் தெரிந்த பொருளை அதற்குள் வைத்துக்கொள்கிறார். சிப்பிப் படத்துக்கு வந்த சண்டை ‘காலி’ என்று எழுதியிருந்தாலும் வந்திருக்கும். ஆனால் “எனக்கு அந்தப் பொருள் தெரியாது” என்று ஒருவர் சொன்னால் நம்பத்தகுந்ததாக இருப்பது எண்ணில்தான்.

மாடவிளக்கு

‘தலைமுழுகு’ம் இதில் சேருமா? அவனைத் தலைமுழுகிட்டேன் என்கிறோம். இறந்தவருக்காகக் குளிக்கும் குளியல்தான் மூலம். ஆனால் அப்படிச் சொல்பவர் மேல் யாரும் கொலைப் பழி போடுவதில்லை.

வசன_வரி

சேரும், ஆனால் எதிர்த்திசையில். 86 இல்லாமையில் தொடங்கிச் சாவு வரை போனது. தலைமுழுகு சாவில் தொடங்கி, உறவை அறுத்துக்கொள்வதில் வந்து நின்றது. கடுமை குறைந்துகொண்டே வந்த சொல். அழகான எடுத்துக்காட்டு.

எண்பித்தன்

எண் என்றதும் ஓடி வந்தேன். நாம் ஏமாற்றுக்காரரை “420” என்கிறோமே. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டமே போய், புதிய சட்டத்தில் மோசடி 318ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது. யாராவது ஏமாற்றுக்காரரை “318” என்கிறார்களா? வேர் பிடுங்கப்பட்டபிறகும் மரம் நிற்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: அங்கே 420 என்றால் கஞ்சா. 1971இல் கலிபோர்னியாவில் சான் ரஃபேல் பள்ளி மாணவர்கள் சிலர் மாலை 4.20க்குக் கூடியதிலிருந்து வந்த வழக்கு. ஒருவரைக் காட்டி “அவர் ஒரு 420” என்று அங்கே சொன்னால் முற்றிலும் வேறாகப் புரிந்துகொள்வார்கள்.

கல்லாப்பக்கம்

தம்பியின் மூன்றாவது கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். பண்டத்துக்கு, திட்டத்துக்கு, யோசனைக்கு எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். மனிதருக்கு என்றால் பாருக்குள், வேலை பார்ப்பவர்களுக்குள் மட்டும். எழுத்தில், அதுவும் ஒரு பெயருக்குப் பக்கத்தில், வேண்டவே வேண்டாம். குரலில் சொல்லும்போது முகம் இருக்கிறது, இடம் இருக்கிறது, என்ன பொருளில் சொல்கிறாய் என்று தெரியும். எழுத்தில் அந்த எண் மட்டும் தனியாக நிற்கும்.

அடுப்பங்கரை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக வேலைக்கு இடையிலும் இந்த இழைதான் மண்டையில் ஓடியது.

நேற்று வேலை முடிந்ததும் எங்கள் சமையலறையில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். செஃப் கல்லறைக் கதையைச் சொன்னார். கிரில் பார்ப்பவர் எம்பயர் ஸ்டேட் என்றார். பாரில் இருக்கும் பெண் பெட்ஃபோர்ட் தெரு என்று அடித்துச் சொன்னாள், நான் 1933 என்றதும் எழுதிக்கொண்டாள். எங்கள் இடத்தில் 68 கிடையாதாம்.

கடைசியாகப் பாத்திரம் கழுவுபவரிடம் கேட்டேன். மெக்சிகோக்காரர், அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறார். அவருக்குக் கதை எதுவும் தெரியவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு “நோ ஆய்” என்றார். ஸ்பானிய மொழியில் ‘இல்லை’. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை செஃப் கத்தியதும் எல்லோரும் “ஹெர்ட்” என்றபோது, எனக்குப் பின்னால் தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் “நோ ஆய் சால்மோன்” என்றது. ஒவ்வொரு 86க்கும் அவர் அப்படித்தான் சொல்கிறார், ஆங்கிலம் அவ்வளவாக வராத இரண்டு பேருக்காக. மூன்று வாரமாக என் முதுகுக்குப் பின்னால் அர்த்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வசன_வரி

அப்படியா! என் முதல் காட்சியில் “தீர்ந்துபோச்சு” நீளமாகப் போய் அடுத்த வரியோடு முட்டிக்கொண்டிருந்தது. “இல்ல” என்று மாற்றிவிடுகிறேன்.